தொடங்கிய நேரம்

ஓசூர் சிப்காட். மூன்றாவது ஷிப்டின் நடு வயிறு.
வெளியே பனி. பாகலூர் சாலை ரோஜாக் குடில்களின்
பாலித்தீன்மேல் அது சொட்டுவது
இங்கே கேட்காது;
ஈரமானியின் முள்ளில் தெரியும்.

உலைக்குள் மக்னீசியச் சீவல்கள்
லேத் பட்டறைக் குப்பைபோலச் சுருண்டு கிடக்கின்றன.
நைட்ரஜன் ஊதி, சூடேற்றிக் காயவைத்தோம்.
மேலே டி.எச்.எஃப்.
ஒரு சிட்டிகை அயோடின், கடுங்காப்பி நிறம்.
புரோமோபென்சீன் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும்.
பிறகு காத்திரு என்கிறது தாள்.

எவ்வளவு நேரம் என்று தாள் சொல்லவில்லை.

பார்வைக் கண்ணாடியில் டார்ச் அடித்து
"நிறம் போகல மேடம்" என்கிறான் திம்மராயன்.
தளிப் பக்கத்து ஆள். எண்கள் மட்டும் கன்னடத்தில் வரும்.
"இப்பத்தெண்ட்டு டிகிரி."
ஒரு மணி நேரமாக இப்பத்தெண்ட்டு.

கரிமத்தின் குணம் இது:
புரோமினோடு இருக்கும்வரை
தன்னிடமிருப்பதை அது இழுத்துக்கொள்ள
கையேந்தியே நிற்கும்.
நடுவில் ஓர் உலோக அணு வந்து உட்கார்ந்துவிட்டால்
அதே கரிமம் அள்ளிக் கொடுக்க அலையும்.
யாருக்கும். எதற்கும்.
ஒரு துளித் தண்ணீர் எதிரே வந்தால்
அதற்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு
வெறும் பென்சீனாய் எழுந்து போகும்.
கல்லூரியில் இதை ஓர் அம்புக்குறியாகப் படித்தேன்.
கரும்பலகையில் அரை சாண் நீளம்.
அந்த அரை சாணுக்குள்தான் இப்போது
நாங்கள் இருவரும் நிற்கிறோம்.

செல்லில் மேலாளர்:
"இன்னொரு அஞ்சு பங்கு விடுங்கம்மா, கிளம்பிடும்."
விட்டால் கிளம்பும்தான்.
கிளம்பாமல் கிடந்ததெல்லாம் கூடிக்கொண்டு கிளம்பும்.

போன ஆடியில் பி பிளாக்கில் அப்படித்தான்.
ஜெயவேலு சோம்பேறியில்லை.
மகளுக்குக் காய்ச்சல்,
முதல் ராயக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கணும்.
'வினை தொடங்கிய நேரம்' என்ற கட்டத்தில்
2.10 என்று முன்கூட்டியே எழுதிவிட்டு
வால்வைத் திறந்தார்.
அது தொடங்கியது 2.50க்கு,
மொத்தமும் ஒரே மூச்சில்.
கண்டென்சரின் கண்ணாடியைக் காலையில்
கேட்டுக்கு அந்தப்பக்கம் பொறுக்கினார்கள்.
பிழைத்துக்கொண்டார். இப்போது ஸ்டோர்ஸில்
இடது கையால் கையெழுத்துப் போடுகிறார்.
அந்தத் தாளில் 2.10 மட்டும்
வலது கையின் அழகில் இருக்கிறது.

பேனாவை மூடுகிறேன்.

"உறை ஊத்தலாமா?"
திம்மராயன் அதை அப்படித்தான் சொல்வான்.
முந்தைய தொகுப்பில் எடுத்துவைத்த இரண்டு லிட்டர்,
நைட்ரஜனுக்குக் கீழே, சாம்பல் நிறக் கஞ்சி.
மார்கழியில் பால் தோயாத ராத்திரிகளில்
அவன் மனைவி சட்டியை
அரிசி டின்னுக்குள் புதைத்துவைப்பாளாம்.
செய்முறையிலும் இருக்கிறது இது,
ஏழாம் பத்தி, பொடி எழுத்தில்.
ஊற்றினோம்.

கிளறியின் உறுமல்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
கடுங்காப்பி டீயாகிறது, டீ வடிகஞ்சியாகிறது,
சீவல்களின் ஓரத்தில் கலங்கலாய் ஏதோ கசிகிறது.
"மூவத்து... மூவத்தைது..."
அவன் குரல் ஏறுகிறது.
"நலவத்தொந்து மேடம்!"
எனக்குக் கன்னடம் தெரியாது. புரிகிறது.
குளிர்நீரைத் திற என்கிறேன்,
அவன் ஏற்கெனவே திறந்துவிட்டான்.

கட்டத்தில் 3.47 என்று எழுதுகிறேன்.
கை நடுங்கி, ஏழு ஒன்றைப்போல விழுந்திருக்கிறது.
ஒற்றைக்கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்திட்டு
மறுபடி எழுதுகிறேன்.
பிறகு சொட்டுச் சொட்டாக விடுகிறோம்
மேலாளரின் மூன்று அழைப்புகளை அடிக்கவிட்டு.

ஆறு மணிக்கு வெளியே வந்தால்
பனி முகத்தில் அப்புகிறது.
ராத்திரி முழுக்க நாங்கள் விரட்டிய தண்ணீர்.
திம்மராயன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு
வாயைத் திறந்தபடி அதற்குள் நடந்துபோகிறான்.